தமிழ்நாட்டில் கிளினிக்கல் பார்மசி முதுநிலைப் பயிற்சி

கிளினிக்கல் பார்மசி என்பது, ஒரு மருந்து ஒரு குறிப்பிட்ட நோயாளியின் உடலில் என்ன செய்கிறது என்பதைக் கவனிக்கும் துறையாகும். இதனைத் தமிழில் நோயாளர்சார் மருந்தாளுமை எனலாம். நோயாளியின் வயது, எடை, சிறுநீரகத்தின் நிலை, அவர் ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகள், உணவுப் பழக்கம், மருந்து வாங்க அவரால் செலவிட முடிந்த பணம் ஆகிய அனைத்தையும் கணக்கில் கொண்டு மருத்துவரின் மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பதும், மாற்றம் தேவையெனில் மருத்துவரிடம் எடுத்துச் சொல்வதும் இத்துறை மருந்தாளுநரின் பணி. மருந்துகளின் செயல்பாட்டை ஆராயும் மருந்தியல் (பார்மக்காலஜி) வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதும் குழப்பம் படித்தவர்களிடையேயும் உண்டு.

இந்தியாவில் இத்துறைக்கான முறையான முதுநிலைப் பயிற்சி 1990களின் பிற்பாதியில் தொடங்கியது. மைசூரும் உதகமண்டலமும் அதன் தொடக்க இடங்கள். மருத்துவ வசதி குறைந்த நாட்டில், கற்பிக்க ஆளில்லாத ஒரு துறையை எப்படி உருவாக்குவது என்பதற்கு இவ்விரு ஊர்களின் அனுபவம் நல்ல எடுத்துக்காட்டு. அந்தப் பயிற்சி இன்று யாரைச் சென்று சேர்கிறது, யாரைச் சேரவில்லை என்பது வேறு கேள்வி.

இத்துறையின் தேவை

சேலம் மாவட்டம் சேர்வராயன் மலையில், ஏற்காடு வட்டத்தில் உள்ள ஊர் நாகலூர். காப்பி, மிளகுத் தோட்டங்கள் நிறைந்த பகுதி. மலையாளி என்னும் பழங்குடியினர் இம்மலையில் பெருமளவில் வாழ்கின்றனர். பெரிய நோய் என்றால் மலையிலிருந்து இறங்கிச் சேலத்திற்குத்தான் செல்ல வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலத்திற்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவு, இருபது கொண்டை ஊசி வளைவுகள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாள் தங்கி, கைநிறைய மாத்திரைகளுடன் மலையேறும் ஒரு முதியவரை எண்ணிப் பார்க்கலாம். எந்த மாத்திரை எதற்கு, எது உணவுக்கு முன், எது பின், எதை எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் மருந்து வழங்கும் சன்னல் அருகே, வரிசையில் பின்னால் பலர் காத்திருக்க, சில நொடிகளில் அவருக்குச் சொல்லப்படுகிறது. அடுத்த ஐயம் எழும்போது கேட்பதற்கு அருகில் எவரும் இல்லை.

இரத்தச்சோகைக்குத் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையைப் பாருங்கள். காப்பியிலும் தேநீரிலும் உள்ள டானின் போன்ற பொருள்கள், இரும்பு குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. தோட்ட வேலைக்குப் போகும் பெண் காலையில் காப்பியுடன் மாத்திரையை விழுங்கினால், அரசு இலவசமாகத் தந்த மாத்திரையின் பெரும்பகுதி வீணாகிவிடும். காப்பிக்கும் மாத்திரைக்கும் இடையே ஓரிரு மணிநேர இடைவெளி போதும். தைராய்டு குறைபாட்டுக்கான லெவோதைராக்சின் மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை உண்டு. செலவே இல்லாத அறிவுரைதான், ஆனால் ஒருவர் சொல்ல வேண்டும்.

இன்சுலின் ஊசியில் நேரும் பிழை இதைவிட ஆபத்தானது. இந்தியாவில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது. ஒன்று மில்லிலிட்டருக்கு 40 யூனிட், மற்றொன்று 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனி ஊசிக்குழல்கள் உள்ளன. 40 யூனிட் குழலுக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் குழலுக்கு ஆரஞ்சு மூடி. 20 யூனிட் போட வேண்டிய ஒருவர், 100 யூனிட் செறிவுள்ள இன்சுலினைச் சிவப்பு மூடிக் குழலில் 20 என்ற கோடு வரை எடுத்தால் அரை மில்லிலிட்டர் வரும். அதில் இருப்பது 50 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. சர்க்கரை அளவு கடுமையாக இறங்கி நினைவிழக்க இது போதும். மருத்துவர் எழுதியது சரி, கடையில் கொடுத்த இன்சுலினும் சரி, குழல் மட்டும் மாறிவிட்டது. இப்படி ஒருவருடைய பொறுப்புக்கும் அடுத்தவருடைய பொறுப்புக்கும் நடுவே விழும் பிழைகளைப் பிடிப்பதற்கே கிளினிக்கல் பார்மசி தோன்றியது.

மருத்துவமனைக்குள் வேறு வகைப் பிழைகள் உள்ளன. 70 வயது மூதாட்டி, எடை 40 கிலோ, இரத்தத்தில் கிரியாட்டினின் 1.2 மில்லிகிராம் என்று அறிக்கை வருகிறது. ஆய்வகத் தாளில் இது ஏறக்குறைய இயல்பான அளவாகவே தோன்றும். காக்கிராஃப்ட், கால்ட் ஆகிய இருவர் வகுத்த சூத்திரத்தில் இதைப் போட்டுப் பார்க்கலாம். 140இலிருந்து வயதைக் கழித்தால் 70. அதை எடையால் பெருக்கினால் 2800. கிரியாட்டினினை 72ஆல் பெருக்கினால் 86.4. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 32.4 வரும். பெண் என்பதால் 0.85ஆல் பெருக்க வேண்டும். விடை நிமிடத்திற்கு ஏறத்தாழ 27.5 மில்லிலிட்டர். நலமான இளைஞருக்கு இது 100க்கு மேல் இருக்கும். எனவே ஜென்டாமைசின் போன்ற மருந்தை வழக்கமான இடைவெளியில் கொடுத்தால் அது உடலில் தேங்கிச் செவியையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். எட்டாம் வகுப்புக் கணக்குதான் இது. ஆனால் நெரிசலான வார்டில் இதைப் போட்டுப் பார்க்க ஒருவருக்கு நேரமும் பொறுப்பும் இருக்க வேண்டும்.

தோற்றமும் முன்வரலாறும்

அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 1962இல் மருந்துத் தகவல் மையம் ஒன்று தொடங்கப்பட்டது. 1966இல் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒன்பதாவது மாடி வார்டில் மருந்தாளுநர்கள் இரவு பகலாகப் பணியமர்த்தப்பட்டனர். மருந்தாளுநர் கிடங்கை விட்டு நோயாளியின் படுக்கை அருகே வந்த முதல் நிகழ்வுகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது. 1990இல் ஹெப்ளர், ஸ்ட்ராண்ட் ஆகியோர் எழுதிய கட்டுரை, மருந்தினால் கிடைக்கும் பலனுக்கும் மருந்தாளுநர் பொறுப்பேற்க வேண்டும் என்ற கருத்தை நிலைநாட்டியது.

இந்தியா வேறு வழியில் சென்றது. மகாதேவ லால் ஷ்ராஃப் 1932இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பார்மசிக் கல்விக்கு அடித்தளம் இட்டார். பார்மசிச் சட்டம் 1948இல் வந்தது. அதன்கீழ் இந்திய பார்மசி கவுன்சில் அமைந்தது. விடுதலைக்குப் பின் நாட்டுக்கு வேண்டியிருந்தவை மருந்துத் தொழிற்சாலைகள். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும் 1975இல் வந்த ஹாத்தி குழு அறிக்கையும் உள்நாட்டு உற்பத்திக்கு ஊக்கம் தந்தன. ஆகவே பி.பார்ம், எம்.பார்ம் படிப்புகள் மாத்திரை அழுத்துவது, பகுப்பாய்வு செய்வது, புதிய சேர்மம் உருவாக்குவது ஆகியவற்றையே மையமாகக் கொண்டன. உலகத்துக்கே குறைந்த விலையில் மருந்து தரும் நாடாக இந்தியா வளர்ந்ததில் இக்கல்விக்குப் பெரும் பங்குண்டு, அதைக் குறைத்து மதிப்பிட இயலாது. மருத்துவமனையிலும் கடையிலும் மருந்து வழங்கும் வேலை இரண்டாண்டு டி.பார்ம் படித்தவர்களிடம் விடப்பட்டது. 1991ஆம் ஆண்டுக் கல்வி ஒழுங்குமுறையின்படி அவர்கள் பெற்ற நடைமுறைப் பயிற்சி 500 மணிநேரம். முதுநிலை படித்தவர் தொழிற்சாலைக்குப் போனார். நோயாளியின் எதிரே நின்றவருக்கோ மேற்படிப்புக்கு வழி இல்லை.

மைசூரும் உதகையும்

ஜே.எஸ்.எஸ். பார்மசிக் கல்லூரி மைசூரில் 1973இலும், உதகமண்டலத்தில் 1980இலும் தொடங்கப்பட்டது. இவ்விரு கல்லூரிகளும் 1990களின் பிற்பாதியில் எம்.பார்ம் (பார்மசி பிராக்டிஸ்) என்ற புதிய முதுநிலைப் படிப்பை அறிமுகம் செய்தன.

முதல் சிக்கல், ஆசிரியர் இல்லை என்பது. நோயாளியைப் பார்க்காமலேயே முனைவர் பட்டம் பெற்றவர்களால் நோயாளியைப் பார்க்கக் கற்பிக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் அப்போது இயங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவமனையான ரீபேட்ரியேஷன் பொது மருத்துவமனையுடன் கூட்டுறவு ஏற்பட்டது. அங்கு வார்டில் பணிபுரிந்த மருந்தாளுநர்களின் அனுபவம் இங்குள்ளோர்க்குக் கிடைத்தது. இக்கூட்டுறவின் பயன்களில் ஒன்று 2004இல் வெளியான கிளினிக்கல் பார்மசிப் பாடநூல். ஜி. பார்த்தசாரதி, ஆஸ்திரேலியாவின் கரின் நைஃபோர்ட்-ஹான்சன், அமெரிக்காவின் மிலாப் நஹாதா ஆகிய மூவரும் இதன் பதிப்பாசிரியர்கள். இந்திய மாணவர்களை மனத்தில் கொண்டு தொகுக்கப்பட்ட இந்நூல் பல கல்லூரிகளில் பயன்பட்டது. வெளிநாட்டு நிபுணர்கள் வந்து வகுப்பெடுத்துவிட்டுப் போவதோடு நின்றிருந்தால் இம்முயற்சி சில ஆண்டுகளில் ஓய்ந்திருக்கும். முதல் அணி மாணவர்களே அடுத்த அணியின் ஆசிரியர்களாயினர், அதனால்தான் அது நிலைத்தது.

இரண்டாவது சிக்கல் மருத்துவமனை. மைசூரில் அதே அறக்கட்டளையின் மருத்துவமனை இருந்தது. உதகையில் கல்லூரி, அரசுத் தலைமை மருத்துவமனையோடு இணைந்து தன் பார்மசி பிராக்டிஸ் துறையை நடத்தியது. தனியார் கல்லூரியின் மாணவர்கள் அரசு மருத்துவமனை வார்டில் பயிற்சி பெறுவதும், அதற்கு ஈடாக மருத்துவமனைக்கு மருந்துத் தகவல் சேவை கிடைப்பதும் இருதரப்புக்கும் பயன் தரும் ஏற்பாடு. ஒரு மலை மாவட்டத்தின் பொது மருத்துவமனை, தோட்டத் தொழிலாளரும் பழங்குடியினரும் வந்து சேரும் இடம், இத்துறையின் நாற்றங்காலாக அமைந்தது குறிப்பிடத்தக்கது. உதகையில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கிய பின் சூழல் மேலும் மாறியுள்ளது.

மூன்றாவது சிக்கல் மருத்துவர்களின் ஏற்பு. மருந்துச் சீட்டில் பிழை காணும் ஒருவரை எவரும் உடனே வரவேற்பதில்லை. இதற்குத் துறையினர் கண்ட வழி எளிமையானது. குறை சொல்வதில் தொடங்காமல், மருத்துவர் கேட்கும் ஐயங்களுக்கு விடை தேடித் தருவதில் தொடங்கினர். பாலூட்டும் தாய்க்கு இந்த வலிப்பு மருந்து தரலாமா? இந்த இரு ஊசி மருந்துகளை ஒரே குழாய் வழியாகச் செலுத்தலாமா? இத்தகைய கேள்விகளுக்கு ஆதாரத்துடன் விரைவில் விடை கிடைத்தபோது நம்பிக்கை வளர்ந்தது. அதன்பின் ரவுண்ட்ஸில் மருந்தாளுநர் வாய் திறந்தாலும் கேட்டனர்.

பாடத்திட்டம்

இன்று எம்.பார்ம் (பார்மசி பிராக்டிஸ்) நான்கு பருவங்கள் கொண்ட இரண்டாண்டுப் படிப்பு. நோய்க்கேற்ற மருத்துவம், மருத்துவமனை மற்றும் சமுதாய மருந்தாளுமை, மருத்துவ ஆராய்ச்சி, இரத்தத்தில் மருந்தின் அளவைக் கண்காணித்தல், மருந்துப் பொருளாதாரம் ஆகியவை முதலாண்டுப் பாடங்கள். இரண்டாம் ஆண்டு பெரும்பாலும் ஆய்வுப் பணிக்கு உரியது. ஜிபாட் என்னும் தேசிய நுழைவுத் தேர்வில் தகுதி பெற்று, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் சேர்வோர்க்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு.

இந்திய பார்மசி கவுன்சில் 2008இல் ஃபார்ம்.டி. என்ற படிப்பைக் கொண்டுவந்தது. மேல்நிலைப் பள்ளிக்குப் பின் ஆறு ஆண்டுகள், அதில் இறுதியாண்டு உள்ளிருப்புப் பயிற்சி. பி.பார்ம் முடித்தவர்கள் மூன்று ஆண்டுகளில் இதே பட்டத்தைப் பெறலாம், அதிலும் கடைசி ஆண்டு பயிற்சிதான். கல்லூரி குறைந்தது 300 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையுடன் இணைந்திருக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் மாணவர் தினமும் காலை வேளையில் வார்டு ரவுண்ட்ஸில் பங்கேற்க வேண்டும். பயிற்சியாண்டில் ஆறு மாதம் பொது மருத்துவத்திலும், மற்ற மூன்று சிறப்புத் துறைகளில் தலா இரண்டு மாதமும் பணிபுரிய வேண்டும். விதி எழுதியவர்கள் வார்டைச் சரியாகவே மையத்தில் வைத்தனர் என்று சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் கோவை பி.எஸ்.ஜி., போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற நிறுவனங்களுக்குத் தம் மருத்துவமனை அருகிலேயே உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பார்மசித் துறையோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்திருந்தது அத்துறைக்கு வாய்ப்பாயிற்று. சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரிகள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. ஒப்பந்தம் தாளில் மட்டும் இருந்தால் மாணவர் வார்டின் ஓரத்தில் நின்று நோயாளி விவரத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு திரும்புவார். அது பயிற்சி ஆகாது. ஒரு மருந்தாளுநர் அதே வார்டில் முழுநேரமும் பணியில் இருந்து, மாணவர் சொன்னதைத் திருத்தி, அதன் விளைவை மறுநாள் சேர்ந்து பார்த்தால்தான் அது பயிற்சி. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர், வகுப்பாசிரியர் இல்லாத பள்ளிக்குப் பாடம் எடுக்கச் சென்றால் எப்படியோ அப்படித்தான் இதுவும்.

நாட்டுக்கு ஏற்ற பாடம் எது என்பதிலும் விவாதம் உண்டு. அமெரிக்க நூல்களைப் பின்பற்றும் பாடங்களில் கொழுப்புக் குறைப்பு மருந்துகளுக்குக் கிடைக்கும் இடம், பாம்புக்கடி நச்சுமுறிவுக்கோ பூச்சிமருந்து நஞ்சுக்குத் தரப்படும் அட்ரோபினுக்கோ கிடைப்பதில்லை. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரை, வார்ஃபரின் உள்ளிட்ட பல மருந்துகளின் வலிமையைக் குறைத்துவிடும். இது நம் ஊர் மாணவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டிய செய்தி. ஃபெனிடோயின் என்ற வலிப்பு மருந்தின் அளவை இரத்தத்தில் சோதிக்கும் வசதி எல்லா மருத்துவமனையிலும் இல்லை. அங்கு கண்விழி நடுக்கத்தையும் தள்ளாடும் நடையையும் கண்டே மருந்து மிகுந்துவிட்டது என்று ஐயுறக் கற்க வேண்டும். நேபாளத்தின் காத்மாண்டு பல்கலைக்கழகம், எத்தியோப்பியாவின் ஜிம்மா பல்கலைக்கழகம் ஆகியவையும் தத்தம் நாட்டில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியபோது, ஆசிரியர் பற்றாக்குறையையும் பணியிடம் இல்லாத குறையையும் எதிர்கொண்டன.

பணியிடம் என்னும் முடிச்சு

இத்துறையின் பெரிய இடையூறு பயிற்சியில் இல்லை, பயிற்சிக்குப் பின் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநர் பணிக்கான அடிப்படைத் தகுதி டி.பார்ம். வேலையோ பெரும்பாலும் மருந்து வழங்குவதும் இருப்புக் கணக்கும். வார்டில் அமர்ந்து மருந்துச் சீட்டை ஆராய்வதற்கென்று தனிப் பணியிடம் பரவலாக இல்லை. மத்திய அளவில் 2015ஆம் ஆண்டின் பார்மசி பிராக்டிஸ் ஒழுங்குமுறை, நோயாளிக்கு ஆலோசனை கூறுவதை மருந்தாளுநரின் கடமையாக்கியது. 2021இல் செய்யப்பட்ட திருத்தம் கிளினிக்கல் மருந்தாளுநர், மருந்துத் தகவல் மருந்தாளுநர் ஆகிய பெயர்களை மருத்துவமனைப் பணிகளில் சேர்த்தது. பெயர் வந்துவிட்டது, ஊதியத் தலைப்பு இன்னும் பரவலாக வரவில்லை.

இதன் விளைவாக, படித்தவர்களில் பலர் மருத்துவக் குறியீட்டு நிறுவனங்களுக்கும், மருந்தின் பக்கவிளைவுத் தரவுகளைத் தொகுக்கும் நிறுவனங்களுக்கும், வளைகுடா மற்றும் மேலை நாடுகளுக்கும் செல்கின்றனர். ஃபார்ம்.டி. முடித்தவர் பெயருக்கு முன் டாக்டர் என்று போடலாமா என்ற வாதத்தில் செலவான ஆற்றலில் பாதி பணியிடக் கோரிக்கைக்குச் செலவாகியிருந்தால் நன்றாயிருக்கும். பெரும்பாலான இடங்கள் தனியார் கல்லூரிகளில் இருப்பதால், கடன் வாங்கிப் படித்த மாணவரை இதற்காகக் குறைகூற முடியாது. ஏற்கெனவே அரசுப் பணியில் உள்ள டி.பார்ம் மருந்தாளுநர், வேலையை விட்டுவிட்டுப் பல ஆண்டுகள் படிக்கச் செல்வதும் எளிதன்று. பணியில் இருந்தபடியே, அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டம் கட்டமாகப் பயிலும் முதுநிலைச் சான்றிதழ் இருந்தால் மலையூர்களுக்கு அதுவே பொருத்தமாக இருக்கும், ஏனெனில் அவர் பயிற்சிக்குப் பின்னும் அதே ஊருக்குத் திரும்புவார்.

மருந்து சேர்கிறது, அறிவுரை?

மருந்து வழங்கலில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மருந்துகள் வீட்டுக்கே வருகின்றன. நாகலூர் போன்ற ஊர்களுக்கு இதன் பயன் சொல்லில் அடங்காது. 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன.

இவ்வளவு மருந்து வீடு சேரும்போது, அதைக் கண்காணிக்கும் கண்களும் வேண்டும். கிளிபென்கிளமைடு உட்கொள்ளும் சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீர்த் தொற்றுக்காகக் கோட்ரைமாக்சசோல் தரப்பட்டால், முதியவராயின் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். முடக்குவாதத்திற்கு வாரம் ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கியதால் உயிரிழந்தோர் உலகெங்கும் உண்டு. இவற்றை வீட்டு வாசலில் கண்டறிய, மருந்து கொண்டுவரும் தன்னார்வலருக்குப் பின்னால், தொலைபேசியிலாவது ஒரு பயிற்சி பெற்ற மருந்தாளுநர் இருக்க வேண்டும். ஒரு மாவட்டத்திற்கு ஒருவர் என்று தொடங்கினாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இல் தொடங்கப்பட்டது. 2011 முதல் அதன் தேசிய மையம் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தில் செயல்படுகிறது. மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் இதற்கான கண்காணிப்பு மையங்கள் உள்ளன. முதுநிலைப் பார்மசி மாணவர்கள் இப்பதிவுகளைத் திரட்டுவதில் பங்கேற்கின்றனர். மருத்துவரோ மருந்தாளுநரோதான் தெரிவிக்க வேண்டும் என்பதில்லை. நோயாளியும் அவர் வீட்டாரும் தமிழிலுள்ள படிவத்தை நிரப்பியோ, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்தோ தெரிவிக்கலாம்.